பெயர் மறந்த முன்னோர்: தென்பெண்ணைக் கரையின் நடுகல் தெய்வங்கள்

நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தின் செம்மண் நிலங்களைக் கடந்து தமிழகத்துக்குள் நுழையும் தென்பெண்ணை, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் சற்றே தங்கிப் புறப்படுகிறது. அணையின் ஒரு புறம் ராகியும் காய்கறியும் விளையும் வயல்கள். மறுபுறம், சற்றுத் தொலைவில், ஆலைகளின் புகைபோக்கிகள். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த நாள்முதல் இப்பகுதியின் முகம் மாறிக்கொண்டே வருகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும் எல்லைப்புறம் இது.

அணையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு சிற்றூரின் எல்லையில் வண்டியை நிறுத்தினோம். வேப்பமரத்தடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகைக் கல். எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் குங்குமமும் படிந்து கருத்திருந்தது. உற்று நோக்கினால் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளும் ஏந்திய வீரனின் உருவம் தெரிந்தது. முதிய அம்மையார் ஒருவர் அதன்முன் அகல் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“இவர் யாருங்க அம்மா?” என்று கேட்டோம்.

“எங்க அப்பனுக்கு அப்பனுங்க, சாமி. மாடு கன்னு காப்பாத்துறவரு.”

“பெயர்?”

“பேரு தெரியாதுங்க. வேடியப்பன்னு கும்பிடுறோம்.”

விளக்கின் சுடர் காற்றில் அணையாதபடி கைகளைக் குவித்து மறைத்துக்கொண்டே அவர் சொன்ன அந்த விடை நெடுநேரம் நம் மனத்தை விட்டு நீங்கவில்லை. பாட்டன் என்று தெரிகிறது. காத்தவர் என்று தெரிகிறது. பெயர் மட்டும் தெரியவில்லை. ஆனால், அந்தக் கல்லை நட்டவர்கள் அதனை நட்டதே பெயர் நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான்!

ஆறு நிலைகளில் ஒரு பிரதிஷ்டை

போரிலோ, ஆநிரை மீட்பதிலோ, ஊரைக் காப்பதிலோ உயிர் நீத்தவருக்குக் கல் நட்டு வழிபடுவது தமிழர்தம் மிகத் தொன்மையான வழிபாட்டு முறைகளுள் ஒன்று. தொல்காப்பியம் இதற்குரிய சடங்குகளை ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதனை எடுத்துவரத் தொடங்குவது கால்கோள். நீரில் இட்டுத் தூய்மை செய்வது நீர்ப்படை. உரிய இடத்தில் நிறுத்துவது நடுதல். படையல் இட்டுச் சிறப்புச் செய்வது பெரும்படை. தெய்வமாக ஏத்திப் போற்றுவது வாழ்த்தல்.

கும்பாபிஷேகங்களைக் கண்டு மகிழும் நம் வாசக அன்பர்களுக்கு இதைப் படித்தவுடன் ஓர் எண்ணம் தோன்றக்கூடும். புதிதாகச் செதுக்கிய தெய்வத் திருமேனியைக் கருவறையில் நிறுவுமுன் நீரில் வைத்திருக்கும் ஜலாதிவாசத்தை நாம் அறிவோம். மலையில் கிடந்த கல், நீராடி, நிலைபெற்று, படையல் ஏற்றுத் தெய்வமாகும் அந்த நெறி, இந்த ஊர்க்கோடிக் கல்லுக்கும் உரியதாகவே இருந்திருக்கிறது.

இதன் மிகப் பெரிய சான்று சிலப்பதிகாரம். அதன் வஞ்சிக் காண்டத்தில் காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என்று காதைகளின் பெயர்களே இச்சடங்குகளின் வரிசையில் அமைந்துள்ளன. சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்து, கங்கையில் நீராட்டிக் கொணர்ந்து, கண்ணகிக்குக் கோயில் எடுத்தான் என்பது காப்பியம் கூறும் செய்தி. பத்தினித் தெய்வத்தின் வழிபாடே நடுகல் நெறியில்தான் தொடங்கியது.

சங்கப் புலவர்களும் இக்கற்களைப் பலபடப் பாடினர். கல்லில் வீரனின் பெயரையும் பெருமையையும் எழுதினர் என்றும், மயிற்பீலி சூட்டிப் படையல் இட்டனர் என்றும் அவர்தம் பாடல்களால் அறிகிறோம். போரில் யானையை வீழ்த்தித் தானும் வீழ்ந்தவனின் கல்லே தங்கள் ஊரார் நெல் தூவிப் பரவும் தெய்வம் என்று பாடினார் மாங்குடி கிழார். திருவள்ளுவரும் படைச்செருக்கு அதிகாரத்தின் முதற்குறளிலேயே கல்லாகி நின்ற வீரரை நினைவுகூர்கிறார்.

இவ்வெல்லைப்புறத்துக்கு மிக நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர் தகடூர், இன்றைய தர்மபுரி. அம்மன்னன் மறைந்து நடுகல் ஆனபோது, அக்கல்லுக்குப் பீலி சூட்டிப் படையல் இடுவதைக் கண்டு ஔவை பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் உள்ளது. மலைகளோடு நாட்டையே கொடுத்தாலும் ஏற்க மறுக்கக்கூடியவன், சிறு கலத்தில் வார்க்கும் இதனை ஏற்பானோ என்று அவர் கலங்குகிறார். நாட்டுப்புறத்துக் கல்லின்முன் ஒரு கவளச் சோற்றைப் படைத்துக் கண் கலங்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்த உணர்வு புரியும்.

கல் பேசும் வரலாறு

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழ்-பிராமி எழுத்துகளைத் தாங்கியவை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை உடையவை. அவற்றுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், இறந்த ஒருவருக்கு எடுக்கப்பட்டது.

எனினும் நடுகற்கள் மிகுதியாகச் செறிந்து கிடப்பது தகடூர் நாட்டிலும் அதனை அடுத்த செங்கம் பகுதியிலும்தான். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்கள் அவை. ஏன் இங்கே இத்தனை கற்கள்? மழை குறைந்த மேட்டுநிலம் இது. நெல்லைவிட மாடே இங்குச் செல்வம். அதனால் மாடு கவர்தலும் மீட்டலும் ஓயாது நடந்தன. மேலும் கங்கர், நுளம்பர், பாணர், பல்லவர், சோழர், போசளர் எனப் பல அரசுகளின் எல்லைகள் இங்கே உரசிக்கொண்டன. அரசர்களின் போர் எங்கே தொடங்கினாலும் முதலில் எரிவது எல்லையோரச் சிற்றூர். அதனைக் காக்க எழுந்தவர்கள் அவ்வூர் மக்களே.

பல்லவர் காலக் கற்களில் வட்டெழுத்தால் சுருக்கமான வாசகம் இருக்கும். அரசனின் ஆட்சியாண்டு, ஊரின் பெயர், வீரனின் பெயர், அவன் எவ்வாறு இறந்தான் என்ற செய்தி, இறுதியில் “பட்டான் கல்” என்ற முடிபு. மாட்டு மந்தையைத் ‘தொறு’ என்பர். தொறு மீட்டுப் பட்டவர், புலியோடு பொருது பட்டவர், பன்றியைக் குத்திப் பட்டவர் என ஒவ்வொரு கல்லும் ஒரு வாழ்வின் கடைசி நாளைச் சொல்கிறது. உருவத்தில் தலைமயிரைக் கொண்டையாக முடிந்து, வில்லும் வாளும் ஏந்தி, சில வேளைகளில் உடலில் தைத்த அம்புகளோடு வீரன் நிற்பான். காலருகே கெண்டியும் சிமிழும் காணப்படும். சில கற்களில் அவன் மீட்ட பசுக்களும் உண்டு.

இறந்தவனின் குடும்பத்தை ஊர் கைவிடவில்லை. அவர்களுக்கு நிலம் விடப்பட்டது. அந்நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். சிந்திய உதிரத்துக்கு ஈடாக ஊர் தந்த நன்றிக்கடன் அது.

நடுகல் மன்னருக்கும் தலைவருக்கும் மட்டும் உரியதன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காத்து உயிர்விட்ட கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு எடுத்தது அது. அவன் அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் இரு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியைக் கல்வெட்டு தனியே குறிப்பிடுகிறது. பதினான்கு நூற்றாண்டுகள் கடந்தும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது! விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்கே கல் எடுத்திருக்கிறார்கள். நன்றி மறவாமை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமோ?

எல்லைக்கு அப்பாலும் அதே தெய்வம்

ஓசூரிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதியில் உள்ளது பேகூர். அங்குள்ள நாகேசுவரர் ஆலயம் கங்கர் காலத் தொன்மை உடையது. ஏறத்தாழ கி.பி. 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவ்வாலயக் கல்வெட்டு ஒன்று, பெங்களூருப் போரில் இறந்த ஒருவரை நினைவுகூர்கிறது. இன்று உலகம் முழுவதும் அறிந்த அம்மாநகரின் பெயர் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, இவ்வாறு ஒரு வீரனின் நினைவுக் கல்லே. கன்னடத்தில் இக்கற்களை ‘வீரகல்லு’ என்பர். இங்கே உதிரப்பட்டி என்பது அங்கே ‘நெத்தருகொடகெ’. மொழி வேறு, கடன் ஒன்று.

மண்டியா மாவட்டம் ஆதகூரில் கி.பி. 949–50-ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்ட கல்லைப் பற்றி அறியும்போது எடுத்தனூர் கோவிவன் நம் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. காளி என்னும் வேட்டைநாய் பெரும் காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியும் நாயும் ஒருசேர மடிந்தன. அந்நாய்க்காகச் சல்லேசுவரர் கோயிலின் முன் கல் நிறுத்தி, நிலமும் விடப்பட்டது. அந்நிலத்தை அனுபவிக்கும் கோயில் பூசகர், கல்லுக்குப் பூசை செய்யாமல் உணவு கொள்ளலாகாது என்றும் அக்கல்வெட்டு விதிக்கிறது. நினைவு தானே நிலைக்காது, நாள்தோறும் ஒருவர் அதனைச் செய்தாக வேண்டும் என்பதை அக்காலத்தார் எவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தனர்! அந்தக் கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

அடியில் போர், முடியில் கயிலை

பிற்கால நடுகற்கள் பல, மூன்று அடுக்குகளாகச் செதுக்கப்பட்டவை. கிருஷ்ணகிரி வட்டாரத்திலும் கர்நாடகத்திலும் இவற்றை மிகுதியாகக் காணலாம். கீழ் அடுக்கில் போர்க்காட்சி, வீரன் வீழ்கிறான். நடு அடுக்கில் தேவமகளிர் இருவர் அவனை இருபுறமும் தாங்கி விண்ணுலகுக்கு அழைத்துச் செல்கின்றனர். மேல் அடுக்கில் அவன் சிவலிங்கத்தின்முன் கைகூப்பி அமர்ந்திருக்கிறான். மேலே சூரியனும் சந்திரனும். சூரிய சந்திரர் உள்ளவரை இந்நினைவு நிலைக்கட்டும் என்பது பொருள்.

கீழிருந்து மேலாக இக்கல்லை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஊருக்காக உயிர் ஈந்தவனுக்குச் சிவபதவி உண்டு என்று அக்கால மக்கள் உறுதியாக நம்பினர். நோன்பும் யாத்திரையும் தரும் பேற்றை, மந்தையை மீட்க ஓடிய அந்த எளியவனுக்கு அவன் செய்த தியாகமே தந்துவிட்டது.

காவேரிப்பட்டினத்தை அடுத்துத் தென்பெண்ணைக் கரையில் அமைந்த பெண்ணேசுவரமடத்தில் இதனை நேரில் உணரலாம். பெண்ணை நதியின் பெயரையே தாங்கிய பெண்ணேசுவரர் அங்கே கோயில் கொண்டுள்ளார். அவ்வாலயத்தை ஒட்டி நடுகற்கள் நிற்கின்றன. உள்ளே ஈசன், வெளியே ஈசனடி சேர்ந்த ஊர்க்காவலர். போசள மன்னன் இராமநாதனின் தலைநகராக 13-ஆம் நூற்றாண்டில் விளங்கிய குந்தாணி, இன்றைய சின்னகொத்தூர்ப் பகுதி. அங்கும் நடுகற்கள் பல உள்ளன.

இன்னொரு வகைக் கல்லையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கணவனோடு உடன்கட்டை ஏறிய பெண்களுக்கு எடுத்தவை மாசதிக் கற்கள், கன்னடத்தில் ‘மாஸ்திகல்லு’. வளையணிந்த கை ஒன்று உயர்ந்து நிற்கும். அல்லது வீரனின் அருகில் அவள் நிற்பாள். தீப்பாய்ந்த அம்மன் என்று இன்றும் பல குடும்பங்கள் வழிபடுவது இவர்களையே. அக்கொடிய வழக்கம் 1829-இல் வங்காளத்திலும் அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்திலும் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. இத்தெய்வங்களின்முன் நிற்கும்போது அவ்வழக்கத்தைப் போற்ற வேண்டியதில்லை. எரிந்து மடிந்த அப்பெண்ணின் துயரை நினைந்து, நம் வீட்டுப் பெண்களின் கண்ணீர் எக்காரணத்தாலும் விழாதிருக்க வேண்டிக்கொள்வதே அவளுக்குச் செய்யும் உண்மையான வழிபாடு.

வேடியப்பன் ஆன பாட்டன்

காலம் செல்லச் செல்ல வட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அருகினர். அரசுகள் மறைந்தன. கல்லில் இருந்த பெயர் மங்கியது. ஆனால் விளக்கு அணையவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் வில்லேந்திய வீரனை மக்கள் ‘வேடியப்பன்’ என்று அழைத்தனர். இன்றும் அப்பகுதியில் வேடியப்பன் என்ற பெயர் தாங்கிய ஆடவர் பலர் உண்டு. குறும்பர் சமூகத்தார் தம் முன்னோரையும் வீரபத்திரரையும் ஒருசேரப் போற்றி வழிபடுகின்றனர். தைத்திங்களில் எருது விடும் விழா களைகட்டும் மண் இது. மாடுகளுக்காக உயிர்விட்டவர்களின் கற்கள் நிற்கும் ஊர்களில், மாடுகளை அலங்கரித்து ஓடவிட்டு மகிழும் விழா நடப்பது எவ்வளவு பொருத்தம்!

இல்வாழ்வான் பேண வேண்டிய ஐம்புலத்தாரை வரிசைப்படுத்தும் வள்ளுவர், தென்புலத்தார் என்னும் பிதிரரையே முதலில் வைக்கிறார். தெய்வத்தை அடுத்தே கூறுகிறார். அமாவாசையன்று எள்ளும் நீரும் இறைக்கும் நம் தர்ப்பணமும், ஊர்க்கோடிக் கல்லுக்குப் பொங்கலிடும் அம்மையாரின் பூசையும் ஒரே கடனின் இரு வடிவங்கள். தர்ப்பணத்தில் மூன்று தலைமுறையினரைப் பெயர் சொல்லி அழைக்கிறோம். அதற்கு மேற்பட்டவரைப் பெயரறியாமலேயே வணங்குகிறோம். வேடியப்பன் அந்தப் பெயரறியாத வரிசையில் நிற்பவர்.

கடல் கடந்த ஒரு சகோதர மரபு

முன்னோரை உருவமாக வடித்துப் போற்றுவது நமக்கு மட்டும் உரிய மரபன்று. ஆப்பிரிக்காவின் நைஜீரிய நாட்டில், தென்கிழக்குப் பகுதியில் வாழ்பவர்கள் இக்போ மக்கள். அவர்களுள் பெரும்பாலோர் இன்று கிறிஸ்தவர்கள். ஆயினும் அவர்களுடைய பழைய மரபை அறியும்போது நமக்கு வியப்பே மிஞ்சுகிறது.

அவர்களிடம் ‘இக்கெங்கா’ என்னும் மரச்சிற்பம் உண்டு. தலையில் ஆட்டுக்கடாவின் கொம்புகள், வலக்கையில் வாள். ஒருவனின் வலக்கை வலிமையையும் உழைப்பால் அவன் அடையும் உயர்வையும் அது குறிக்கும். முன்னோர்க்குரிய மரவுருவங்களும் இல்லத்தில் இடம்பெறும். அவற்றின்முன் கோலாக் கொட்டையை உடைத்துப் படைத்து, முன்னோரை அழைத்து வேண்டுவர். நமக்கு வெற்றிலை பாக்கு எப்படியோ, அவர்களுக்குக் கோலாக் கொட்டை அப்படி. விருந்தும் வழிபாடும் அதில்தான் தொடங்கும். பூமித்தாயை ‘ஆலா’ என்று வணங்கினர். மறைந்த முன்னோர் அவள் மடியில் உறைகின்றனர் என்பது அவர்கள் நம்பிக்கை. அவளுக்காக ‘ம்பாரி’ என்னும் மண்மாளிகையைக் கட்டி, சுதைச் சிற்பங்களால் நிரப்புவர். கட்டி முடித்ததும் அதனைப் பழுது பார்க்காமல் மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிடுவர். மண்ணால் ஆனது மண்ணுக்கே திரும்பும். கட்டும் செயலே அங்கு வழிபாடு. விநாயக சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாரைப் பூசித்து நீரில் கரைக்கும் நமக்கு இது விளங்காததன்று.

1938-ஆம் ஆண்டு இக்போ உக்வு என்னும் ஊரில் ஒருவர் தம் வீட்டில் நீர்த்தொட்டிக்காகக் குழி தோண்டியபோது வெண்கலப் பொருள்கள் வெளிப்பட்டன. பின்னர் 1959 முதல் தர்ஸ்டன் ஷா என்னும் தொல்லியலறிஞர் அங்கு அகழாய்வு செய்தார். அப்பொருள்கள் ஏறத்தாழ 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படுகின்றன. நம் தகடூர் வட்டாரத்தில் கற்கள் நடப்பட்டுக்கொண்டிருந்த அதே காலம்!

இந்த ஒப்புமையில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. இக்போ மக்களின் இக்கெங்காக்கள் பல இன்று மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைகளுக்குள் உள்ளன. அட்டையில் பெயரும் ஊரும் எழுதப்பட்டிருக்கும். உலகமே வந்து பார்க்கிறது. ஆனால் அவற்றின்முன் கோலாக் கொட்டையை உடைத்து “பாட்டனாரே” என்று அழைக்க அங்கே ஒருவரும் இல்லை. அவர்களிடம் பெயர்ப்பலகை இருக்கிறது, பூசை இல்லை. நம் ஊர்க்கோடியிலோ பூசை இருக்கிறது, பெயர் இல்லை.

இன்று நேரும் இடர்கள்

கெலவரப்பள்ளியைச் சூழ்ந்த இந்த எல்லைப்புறத்தில் வயல்கள் மனைகளாகின்றன, சாலைகள் அகலமாகின்றன. மண் அள்ளும் எந்திரத்தின் முன் ஒரு நடுகல், பெயர்த்து எறியவேண்டிய வெறுங்கல்லாகவே தோன்றும். துணி துவைக்கும் கல்லாகவும், ஓடையைக் கடக்கும் படிக்கல்லாகவும் ஆன நடுகற்கள் உண்டு. வேலை தேடி வந்து குடியேறியவர்களுக்கு இக்கல் யாருடையது என்று தெரியாது. இவ்வூரிலிருந்து வேறிடம் சென்றவர்களோ தங்கள் குலதெய்வம் எங்கே நிற்கிறது என்பதை மறந்து, பின்னர் சோதிடரிடம் கேட்டு அலைகின்றனர்.

பக்தியினாலேயே நேரும் பழுதும் ஒன்று உண்டு. அதனைச் சொல்ல நமக்குத் தயக்கம்தான். ஆயினும் சொல்லியாக வேண்டும். கல்லுக்குப் பளபளக்கும் வண்ணம் பூசுகிறோம். அடிப்பகுதியைச் சிமெண்டால் பூசி மேடை கட்டுகிறோம். பின்புறம் பளிங்கு ஓடு பதிக்கிறோம். தலைமுறை தலைமுறையாக எண்ணெயை மேலே ஊற்றுகிறோம். எல்லாம் அன்பினால் செய்வதே. ஆனால் அந்த வண்ணத்துக்கும் சிமெண்டுக்கும் அடியில் பாட்டனின் பெயர் புதைந்துபோகிறது. அதனைத் தேடுகிறோம் என்று கம்பித் தூரிகையால் தேய்த்தாலோ, எழுத்தே உதிர்ந்துவிடும்.

1970-களில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை செங்கம், தர்மபுரிப் பகுதி நடுகற்களை ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்து நூல்களாக வெளியிட்டது. அறிஞர் இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972-இல் வெளிவந்தது. அந்த உழைப்பு இல்லையெனில் கோவிவன் பெயரை இன்று எத்தனை பேர் அறிந்திருப்போம்? உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் இன்றும் அப்பணியைத் தொடர்கின்றனர். ஆயினும் ஒவ்வொரு கல்லுக்கும் காவலாக அவர்கள் நிற்க இயலாது. அதற்குரியவர்கள், விளக்கேற்றும் குடும்பத்தாரே.

நாம் செய்யக்கூடியவை

பூசையை நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்தவும் கூடாது. முறையைச் சற்றே மாற்றினால் போதும். தூய நீரால் அபிஷேகம் செய்து பூச்சூட்டுவோம். எண்ணெயைக் கல்லின் மீது ஊற்றாமல் அகலில் ஊற்றி முன்னே ஏற்றுவோம். மஞ்சளும் குங்குமமும் நெற்றியளவில் அமையட்டும். எழுத்துள்ள பகுதியை அவை மூட வேண்டாம். கல்லைச் சிமெண்டில் புதைக்காமல் மண்ணிலேயே நிற்க விடுவோம். புதிய கோயில் எடுக்க விரும்பினால், பழைய கல்லை அகற்றாமல் அதற்குரிய இடத்திலேயே மேற்கூரை அமைக்கலாம்.

எழுத்து தென்பட்டால் நாமே சுரண்டிப் பார்க்காமல், காலையின் சாய்ந்த வெயிலில் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம்; சாய்ந்த ஒளியில் எழுத்துகளின் பள்ளம் நன்கு புலப்படும். அப்படத்தை மாவட்ட அருங்காட்சியகத்திலோ தொல்லியல் துறையினரிடமோ காட்டினால் படித்துச் சொல்வார்கள். சாலைப் பணியிலோ வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ கல் ஒன்று வெளிப்பட்டால் கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ உடனே தெரிவிப்பது நம் கடமை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம். அக்கல் யாருடையது, எந்த நாளில் பொங்கல், எந்தெந்தக் குடும்பங்கள் பங்காளிகள், பாட்டி சொன்ன கதை என்ன? ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். பிள்ளைகளை அழைத்துச் சென்று கல்லின்முன் நிறுத்தி அக்கதையைச் சொல்வோம். தொல்காப்பியம் கூறும் ஆறு நிலைகளுள் இறுதியான வாழ்த்தல், தலைமுறைதோறும் புதிதாகச் செய்யவேண்டிய சடங்கு.

புறப்படுமுன் அந்த அம்மையாரிடம், கல்லின் மேற்பகுதியில் எழுத்து இருப்பதுபோல் தோன்றுகிறது என்று சொன்னோம். எண்ணெய்ப் படலத்தின் அடியில் கீறல்கள் வரிசையாகத் தெரிந்தன. அவர் முந்தானையால் அவ்விடத்தை மெல்ல ஒற்றி எடுத்தார். சிறிது நேரம் உற்றுப் பார்த்தார்.

“அப்போ அவர் பேரு இதுல இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

இருக்கலாம் என்றோம். ஆலையில் வேலை பார்க்கும் பேரன் ஞாயிற்றுக்கிழமை வருவான், அவனை விட்டுப் படம் எடுக்கச் சொல்கிறேன் என்றார். பிறகு அகலைக் கல்லின் அடியிலிருந்து ஒரு சாண் முன்னே நகர்த்தி வைத்தார்.

தரிசிக்கச் செல்வோருக்கு

ஓசூர்: மலைமீது மரகதாம்பாள் உடனுறை சந்திரசூடேசுவரர் ஆலயம். ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து எளிதில் அடையலாம். கெலவரப்பள்ளி அணைக்கும் ஓசூரிலிருந்தே செல்ல வேண்டும்.

பெண்ணேசுவரமடம்: கிருஷ்ணகிரியை அடுத்த காவேரிப்பட்டினத்துக்கு அருகே, தென்பெண்ணைக் கரையில் உள்ளது. பெண்ணேசுவரரைத் தரிசித்தபின் அங்குள்ள நடுகற்களையும் வணங்கி வரலாம்.

அருங்காட்சியகங்கள்: கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும், தர்மபுரியில் உள்ள அகழ்வைப்பகத்திலும் நடுகற்கள் காட்சிக்கு உள்ளன. பிள்ளைகளோடு செல்வோர் போர்க்காட்சி, விண்ணுலகப் பயணம், சிவவழிபாடு ஆகிய மூன்று அடுக்குகளையும் கீழிருந்து மேலாகக் காட்டி விளக்கலாம்.